ஒன்பதாவது எழுத்து

நகராட்சியிலிருந்து சீட்டு வந்தது.
கூலி நாலு டாலர், வண்ணம் என் செலவு.
"போர்நிறுத்த நாள்" என்பதை அழித்துவிட்டு
"படைவீரர் நாள்" என்று எழுதவும்.
வாஷிங்டனில் சட்டம் மாறிவிட்டதாம்.

ஐம்பத்து நாலு, அக்டோபர் கடைசி.
நெப்ராஸ்காவில் சோளம் அறுத்த வயல்களில்
காற்றுக்கு மட்டும்தான் வேலை இருந்தது.

முன்பு அந்தப் பலகையை எழுதியவனும் நானே.
எங்கள் மொழியில் பழைய சொல்லுக்கு ஒன்பது எழுத்து,
புதியதற்கு எட்டு.
ஓர் எழுத்தின் இடம் மிஞ்சும்.
நெளித்து, அகட்டி, நிரப்பிவிடலாம்தான்.

ஏணி பிடிக்க டெல்மர் வந்தான்,
கொரியாவில் இடது காதைக் கொடுத்தவன்.
"வருத்தமா, க்ரோக்?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்காக ஏணியைச் சுற்றி
வலப்பக்கம் வந்து நின்றான்.

வருத்தம் என்றில்லை.
அது யாரோ ஒருவருக்கான நாளாக இருந்ததில்லை,
ஒரு சத்தம் நின்றதற்கான நாள்.
பிரான்ஸில், விடியற்காலை ஐந்து மணிக்கு,
ரயில் பெட்டிக்குள் கையெழுத்துப் போட்டார்கள்.
பதினொன்றாம் மாதம், பதினொன்றாம் தேதி, பதினொன்றாம் மணி.
யாருக்கோ அது அழகாகப் பட்டிருக்கிறது.
இடையில் ஆறு மணி நேரம்.
மிச்சக் குண்டுகளைத் திரும்பச் சுமப்பானேன் என்று
பீரங்கிக்காரர்கள் சுட்டே தீர்த்தார்கள்.
லூமிர் ஹோவோர்கா காலுறை மாற்றிக்கொண்டிருந்தான்.
பத்து நாற்பது.
ஒரு பாதம் ஈரம்,
ஒன்று அப்போதுதான் உலர்ந்தது.

அப்புறம் பதினொன்று.
மௌனம் என்று எழுதுகிறார்கள், மௌனம் இல்லை.
எதிர்க்குழியில் ஒரு ஜெர்மானியன் இருமினான்.
அந்தத் திசையிலிருந்து
நான் கேட்ட முதல் மனிதச் சத்தம்.
அந்த இருமலுக்குத்தான் விடுமுறை என்று
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

டெல்மர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்களுக்குக் காலை பத்துக்குக் கையெழுத்து,
இரவு பத்துக்கு நிறுத்தம்.
உங்களைப்போல இரண்டு மடங்கு, க்ரோக்.
என் காது போனது ஒன்பதே முக்காலுக்கு.
அமைதி வந்தபோது
எனக்குப் பாதிதான் கேட்டது.
போன நவம்பரில் ஊர்வலம் போனது,
நான் மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தேன்.
அது உங்கள் நாள்,
யாரும் கூப்பிடவில்லை."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு
அவன் தொப்பியில் விழுந்தது.
துடைக்கச் சொன்னேன், துடைக்கவில்லை.

எட்டு எழுத்தையும் நெருக்கமாகவே எழுதினேன்.
ஒன்பதாவதின் மேல்
வெள்ளை மட்டும், ஒரே பூச்சு.
வெயில் சாய்கையில்
உள்ளே இருப்பது தெரியும், தேடுகிறவனுக்கு.

பதினொன்றாம் தேதி டெல்மர் நடந்தான்,
தப்புக்காலும் நல்லகாலுமாக,
முரசு ஒரு பக்கம்தான் கேட்டதால்.
தொப்பியில் அந்த வெள்ளைப் பொட்டு.

எழுத்துகள் நடுவில் இல்லையே என்று
நகராட்சி எழுத்தர் அரை டாலர் பிடித்துக்கொண்டார்.
சரியென்று கையெழுத்துப் போட்டேன்.
அப்போது மணி பார்க்கவில்லை.