நாற்பத்தொன்றாம் பயனர்

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
அன்புள்ள வாடிக்கையாளரே,
எங்கள் கட்டணத்தை எளிமைப்படுத்தியிருக்கிறோம்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றும் மொழி.
மூன்றாம் பத்தியில்தான் குத்தியது.

மாதம் இருபத்தொன்பது யூரோ என்றிருந்தது
இனி அசைவுக்கு இவ்வளவு.
ஒருவர் செயலியைத் திறந்தால் ஓர் அசைவு.
பிர்ச் மரமா ஆல்டரா என்று தொட்டால் ஓர் அசைவு.
'உங்கள் விறகு கிளம்பிவிட்டது' என்று நாங்கள் சொன்னால்
சொன்னதற்கும் ஒன்று.
போன மாதத்தை அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்:
தொண்ணூற்றாறு.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
குல்டீகாவில் மூன்று லாரி, அறுபத்துநான்கு வீடு,
ஈரம் போகாத ஒரு கொட்டகை
இதுதான் என் தொழில்.
ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்
திரையில் பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்துக் கட்டியது அந்தச் செயலி.
பச்சைப் பொத்தானின் மூலையை வளைக்க மட்டும்
ஒரு மாலை முழுக்கப் போனது.
கட்டியது நான், மனை அவர்களுடையது.
வாடகை ஏறும்போதுதான்
சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாதென்று உறைக்கிறது.

இரவில் அட்டவணை போட்டேன்.
முதலாமது மலிவு, ஆனால் தலைக்கு இவ்வளவு;
அறுபத்துநான்கு தலையால் பெருக்கியதும் மலிவு ஓடிப்போனது.
இரண்டாமதில் 'முதல் ஆண்டுக்கு மட்டும்' என்று
எறும்பு எழுத்தில் ஒரு வரி.
மூன்றாமது பதினொரு யூரோ, வரைபடம் கிடையாது.
நான்காமது பார்க்கச் சகிக்கவில்லை, எழுத்தெல்லாம் தடிதடியாக;
மாதம் நாற்பது, எத்தனை முறை தொட்டாலும்.
விற்பனைப் பிரிவை அழைக்கவும் என்றது ஐந்தாமது.
விலை எழுதாத கடையில்
என்னைப் போன்றவளுக்கு என்ன வேலை?

மூன்றாமதையே எடுத்திருப்பேன்.
பதினொரு யூரோ யாருக்குக் கசக்கும்?
யார்தான் இவ்வளவு அசைகிறார்கள் என்று பார்க்க
பதிவேட்டை ஒரு முறை திறந்தேன், அவ்வளவுதான்.

பயனர் நாற்பத்தொன்று.
நாளைக்கு நாற்பது முறை.
குளிர்காலம் முழுக்க வாங்கியது
நான்கு கன மீட்டர் ஆல்டர்.
ஆர்டர் பக்கத்தின் பக்கமே போவதில்லை.
வரைபடம். மூடுகிறார். மறுபடி வரைபடம்.
அதிலும் இரண்டாம் எண் லாரி மட்டும்:
அந்த ஆரஞ்சுப் புள்ளி வென்டா பாலத்தைத் தாண்டுவதை,
எங்கோ ஓர் எரிபொருள் நிலையத்தில்
பத்து நிமிடம் நிற்பதை,
திரும்ப நகர்வதை.

பெயரைப் பார்த்தேன். ஏவால்ட்ஸ் ப்ரூவெரிஸ்.
இரண்டாம் எண் லாரியை ஓட்டுபவன் ராய்டிஸ் ப்ரூவெரிஸ்.
ஆற்றோரத்து மனையை விற்ற நாளிலிருந்து
அப்பனும் மகனும் பேசி ஒன்பது வருடம்.
அந்த வீட்டு விறகை மட்டும் வேறு ஆளிடம் கொடு என்பான்.
காரணம் சொல்லமாட்டான்.
நானும் கேட்டதில்லை.

அசைவு ஒன்றுக்கு ஒன்றரை சென்ட்.
ஏவால்ட்ஸ் தன் மகனைப் பார்ப்பதற்கு
மாதம் பதினெட்டு யூரோ ஆகிறது.

என் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.
புதிதாக ஒன்று போட்டிருக்கலாம்,
என்ன தலைப்பு வைப்பதென்று தெரியவில்லை.

நான்காமதை எடுத்தேன்.
அவர்களும் ஒருநாள் எளிமைப்படுத்துவார்கள், தெரியும்.
அதனால் இந்த முறை
உள்ளே வர எவ்வளவு என்று கேட்கும் முன்பே,
வெளியே போகும்போது என் பெயர்ப்பட்டியலை
மூட்டை கட்டித் தருவீர்களா என்று கேட்டேன்.
தருவார்களாம். எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

பில் போடும் பகுதி இன்னும் ஓடவில்லை.
பச்சைப் பொத்தான் சதுரமாகவே கிடக்கிறது.
வரைபடத்தைத்தான் முதலில் கட்டினேன்.

திங்கள் காலை ஐந்து நாற்பது, நல்ல உறைபனி.
புதிய முகவரியில் முதல் ஆளாக உள்ளே வந்தது நாற்பத்தொன்று.
இரண்டாம் எண் லாரி கொட்டகை வாசலில்தான் நிற்கிறது.
ராய்டிஸ் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறான்.
வண்டியைச் சூடாக்கு, நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
மெதுவாகத்தான் சுரண்டுகிறான்.
திரையில் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது,
அவர் இன்னும் மூடவில்லை.