எண்ணிக்கை சரி

ப்யூட் நகரம், மொன்டானா.
திங்கள் காலையின் முதல் அழைப்பு
வெர்லா ஸ்டான்கோவிச்.
பள்ளிப் பேருந்து ஓட்டியவர், ஓய்வுபெற்று ஐந்தாண்டு.

நான் வழக்கறிஞர் இல்லை என்பதை
முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னேன்.
நான் வடிகட்டி.
நூறு பேர் பேசினால் மூன்று பேர் உள்ளே போவார்கள்.

பித்தப்பையை எடுத்தார்கள்.
பதினான்கு மாதம் வலித்தது.
வயதானால் அப்படித்தான் என்றார்கள்.
பிறகு வேறோர் ஊரில், வேறொரு படத்தில்
கல்லீரலுக்குக் கீழே வெள்ளையாய் ஒரு கோடு:
துணியில் ஓடும் நூல்,
எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்றே தைத்த நூல்.

"எடுத்துட்டாங்களா?"
"எடுத்துட்டாங்க. குடல்ல ஒரு அடி அதோட போச்சு."

முதல் மருத்துவமனையின் அறிக்கையை
எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.
கண்ணாடியைத் தேடியெடுத்துப் படித்தார்.
நான்காம் பக்கம், கடைசி வரி:
துணிகளின் எண்ணிக்கை சரி.
கீழே இரண்டு கையெழுத்து.

என் படிவமும் எண்ணத்தான் சொல்கிறது.
சம்பள இழப்பு: சுழியம்.
அவரை நம்பி இருப்போர்: ஒரு நாய்.
நாய்க்குக் கட்டம் இல்லை.
நிபுணர் சாட்சிக்கு மணிக்கு அறுநூறு டாலர்.
வலிக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு.
கழித்துப் பார்த்தால்
எங்களுக்கு வரும் மூன்றில் ஒரு பங்கு
வழக்கின் செலவைத் தாங்காது.
இதையே கடிதத்தில்
'தங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று பொருளல்ல'
என்று எழுதுவோம்.
மூன்றாம் பத்தி. நான் எழுதியதுதான்.

"அந்த டாக்டர் என் கையப் பிடிச்சிட்டு
மன்னிச்சிடுங்கன்னு அழுதாரே,
அது சாட்சி ஆகாதா?"

ஆகாது.
இங்கே மன்னிப்பை
பனி ஒட்டிய காலணிபோல்
நீதிமன்ற வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும்.
நான் சொல்லி முடிக்கும்வரை
அவர் வீட்டில் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது.
யாரும் அணைக்கவில்லை.

பிறகு அவரே பேசினார்.
முப்பத்தோரு வருடம்.
கடைசி நிறுத்தம் தாண்டிய பிறகும்
சாவியைத் திருப்புவதற்கு முன்
பின்னிருக்கை வரை நடந்துபோய்ப் பார்ப்பாராம்.
"பட்டியல்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும்.
ஆனாலும் ஏதாவது ஒண்ணு
கோட்டுக்கடியில தூங்கிட்டிருக்கும்."

எனக்கு ஆலோசனை சொல்ல அனுமதி இல்லை.
தேதி கேட்க அனுமதி உண்டு.
அந்த வெள்ளைக் கோட்டை என்றைக்குப் பார்த்தீர்கள்?
சொன்னார்.
நாட்காட்டியில் விரல் வைத்து நகர்ந்தேன்.
இரண்டு வருடத்தில் மிச்சம் பத்தொன்பது நாள்.
அதற்குள் ஆய்வுக்குழுவுக்கு விண்ணப்பம் போனால்
கடிகாரம் நிற்கும்.
இதை மெதுவாக, இரண்டு முறை சொன்னேன்,
வானிலை சொல்வதுபோல்.

"எழுதிக்கிட்டேன்," என்றார்.
பென்சில் முனை முறிந்த சத்தம் கேட்டது.
"இருங்க, வேற பென்சில்."

மறுப்புக் கடிதத்தை அன்று தட்டவில்லை.
தொலைநகலில் வந்த நான்காம் பக்கத்தை மட்டும்
ஹால்வர்சன் மேசையில் வைத்தேன்.
அவர் நிமிரவில்லை.
"எவ்வளவு தேறும்?"

ஒரு துணி, என்றேன்.