தட்டாத இடம்

சோமனூர்த் தறிக்குடோனில்
எல்லோருக்கும் ‘டக்’ கேட்டது.
சென்னியப்பனுக்கு மட்டும்
ரெண்டு டக்குக்கு நடுவே இருந்த ஓட்டை கேட்டது.

எழுபத்தாறு.
பனியன் வாங்க வந்த வெள்ளைக்காரர்
திருப்பூர் லாட்ஜில் விட்டுப்போன இசைத்தட்டு,
விளிம்பில் ஒரு வெட்டு.
ஜமைக்காவை அட்லஸில் தேடினோம்:
என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கியது.
பாடினவர் பேர் இருந்தது. கம்பெனி பேர் இருந்தது.
கிடார்க்காரர் பேர் இல்லை.
யாரோ ஒரு ஆள்,
அடி விழாத இடமாகப் பார்த்துப் பார்த்து
ச்சக், ச்சக் என்று
மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் இவன் தறிக்குப் போகவில்லை.

முதல் கச்சேரி, அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணம்.
டிரம்ஸ் நான். எனக்கே கோபம்:
“ஏப்பா, தாளத்துக்குப் பின்னால நொண்டிக்கிட்டே வர்றே?”
பெண்ணுக்கு மாமன் மேடையேறிக் கேட்டார்,
“கிடார்த் தம்பிக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?”
பேசின நூற்றைம்பதில் இருபதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் அவிநாசித் தேர்.
பாட்டு பாதியில் கரண்ட் போனது.
மைக் செத்தது, ஆர்கன் செத்தது,
பாடகி வாய் மட்டும் அசைந்தது.
நானும் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.
இருட்டில்
உயிரில்லாத கம்பியில் இவன் மட்டும்
ச்சக்.
ச்சக்.
பொரிகடலைக்காரன் படியால் தகரத்தைத் தட்டினான்,
இவன் விட்ட இடத்தில்.
பிறகு பத்துக் கை. பிறகு ரத வீதி முழுக்க.

அதிலிருந்து ஈரோடு, கோபி, தாராபுரம்,
எந்தக் குழுவிலும் கேட்டார்கள் ‘சென்னி வெட்டு’.
கொலைக் கேஸ் மாதிரி ஒரு பேர்.
அம்மன் பாட்டில் வெட்டினான்,
மாட்டுத் தீவன விளம்பரத்தில் வெட்டினான்,
கட்சிப் பாட்டு ரெண்டுக்கும் ஒரே ராத்திரியில்
அதே கூலிக்கு.

நாற்பத்தியொரு கேசட்.
அட்டையில் நகைக்கடைக்கு நன்றி, மாவு மில்லுக்கு நன்றி,
வேன் டிரைவர் ராயப்பனுக்குக்கூட நன்றி.
காந்திபுரத்துக் கம்பெனியில் ஏறிச் சண்டை போட்டேன்.
அவன் படிக்கட்டில் உட்கார்ந்து
கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
“உடுப்பா. அந்தத் தட்டுக்காரனும்
அங்கதான இருக்கான்.”

எங்கே என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது கருமத்தம்பட்டியில் மழை.
வைப்பர் இந்தப் பக்கம் ஒரு தடவை,
அந்தப் பக்கம் ஒரு தடவை.
அசந்து தூங்கிப்போனான் என்று நினைத்தேன்.
கண்ணாடியில் அவன் நகம்,
நடுவில்.