பத்து சென்டிமீட்டர்

என் அளவுநாடாவின் முதல் பத்து சென்டிமீட்டர்
ஒரு வேன் கதவில் நசுங்கி அறுந்துபோனது.
புதிது வாங்கவில்லை.
பத்திலிருந்து தொடங்குவேன், பத்தைக் கழிப்பேன்.
அப்படித்தான் பதினோரு வருடம்
லமாராவின் லென்சுக்கும் யாரோ ஒருவர் முகத்துக்கும்
நடுவிலிருந்த தூரத்தைச் சொல்லிவந்தேன்.

பதினோரு வருடத்தில் ஐந்து படம்.
மற்ற நாட்களில் குத்தாயிசியில் கல்யாணங்கள்,
திபிலீசியில் வங்கி விளம்பரம்.
ஒரு மினரல் வாட்டர் கம்பெனிக்கு
குமிழி குமிழியாக இரண்டு நாள் எடுத்தோம்.
"இந்தக் காசுல ஸ்வியாத் ஒரு படமே முடிப்பான்" என்றாள்.
முடித்தான்.
அவள் காசில்தான்.

சியாத்துராவில் கடைசி இரவு.
மாங்கனீசுத் தூசு படிந்த ஊர், கரண்ட் இல்லை.
பாக்கி தராததால் ஜெனரேட்டர்காரன்
சாயங்காலமே வந்து ஏற்றிப் போய்விட்டான்.
லமாரா வேனை முற்றத்துக்குள் விடச் சொன்னாள்.
ஹெட்லைட்டின் குறுக்கே படுக்கைவிரிப்பைக் கட்டினாள்.
சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்
நடிகையின் கன்னத்தில்
ஆறிய பாலின் ஆடைபோல் தயங்கி நின்றது.
மூன்றாவது டேக்.
நான் பத்தைக் கழிக்க மறந்தேன்.

கண்கள் கலங்கலாய்க் கிடந்தன.
காது மட்டும் துல்லியம்:
தோடு கழற்றிய துளை,
அதன் ஓரத்தில் ஒற்றை நரை.
இன்னொரு டேக்குக்கு பேட்டரியில் உயிரில்லை.
பாலம்வரை வேனைத் தள்ளிக்கொண்டு போனோம்,
ஸ்வியாத் என் பிறப்பைத் திட்டியபடி.
லமாரா ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்கு மூச்சு வாங்கியது.

வடக்கே ஏதோ ஒரு நகரத்தில்
பத்தொன்பது பேருக்கு அந்தப் படம் ஓடியது.
கண்களை மறுத்துவிட்டு
கேட்பதையே காட்டிய துணிச்சல் என்று
ஒருவர் எழுதினார்.
டைட்டிலில் அவள் பெயரில் ஓர் எழுத்து பிழை.
என் பெயர் சரியாக இருந்தது.

அந்தக் குளிரில் ஐம்பது எம்.எம். லென்சை விற்றாள்,
காஸ் பாக்கிக்கு.
வாங்கியவன் எடுக்கும் மணப்பெண்களை
போனில் பெரிதாக்கிப் பார்ப்பாள்.
"என் லென்சுதான். இன்னும் ஒரு ஸ்டாப் திறந்திருக்கலாம், மடையன்."

ஜனவரியில் ஸ்வியாத் கூப்பிட்டான்.
சம்பளம் கிடையாது. நாலு நாள். மலைமேல் ஒரே அறை.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.
கதையைக் கேட்கவில்லை.
"சன்னல் எந்தத் திசை?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. இரு, பார்க்கிறேன் என்றான்.
போனுக்குள் பலகை அதிர்ந்தது, கதவு முனகியது,
பிறகு வெகுநேரம் காற்று.
நாடாவை எங்கே வைத்தேன் என்று
நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.