வருடம் 1652

வூஸ்டரில் நெடுஞ்சாலையோரத்து ஓட்டல்.
மார்ச் மாதத்துச் சேற்றுப்பனி
கதவு வரை வந்து நிற்கிறது.
கல்யாணக் கூடத்தை இரண்டு நாளைக்கு
காசு வியாபாரிகளுக்கு விட்டிருக்கிறார்கள்.
முப்பத்தோராம் மேசை என்னுடையது:
கறுப்பு வெல்வெட், விளக்கு, தராசு,
பத்து மடங்கு காட்டும் லென்ஸ்,
ஆறிப்போன காபி.

பக்கத்து மேசை லண்ட்குவிஸ்ட்
கனெக்டிகட் செப்புக்காசு விற்கிறார்.
எழுத்துப்பிழை உள்ளதற்கு விலை கூடுதல்.
பள்ளிக்கூடத்தில் பிழைக்கு அடி வாங்கியவர்
இங்கே பிழையால் பிழைக்கிறார்.

மூன்று மணிக்கு மேல் ஈபன் தர்லோ வந்தார்.
கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டுபவர்.
டாப்ஸ்ஃபீல்டில் ஒரு பண்ணையின் பின்புறம்
நாலடி ஆழத்தில் கிடைத்ததாம்.
சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார்,
கிழமைக்கு ஓர் அறை வைத்த டப்பா.
வியாழன் அறைக்குள் இருந்தது வெள்ளி.

பைன் மர ஷில்லிங்.
ஒரு பக்கம் மரம், மறு பக்கம் 1652.

அந்த வருடத்தை நம்பக் கூடாது.
பாஸ்டன்காரர்கள் முப்பது வருடம் அடித்தார்கள்,
ஷில்லிங்கில் ஒரே வருடத்தைப் போட்டார்கள்.
மன்னன் இல்லாத வருடம் அது.
பிற்பாடு வந்த மன்னன்
யாரைக் கேட்டு அடித்தீர்கள் என்றால்
கேட்பதற்கு அன்றைக்கு நீங்கள் இல்லையே
என்று காட்டத்தான் என்பார்கள்.
பொய்யோடு அச்சேறிய நாணயம்.
அது மெய்யா என்று பார்ப்பதுதான் என் தொழில்.

தராசில் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு.
நாலரைக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.
விளிம்பைத் திருப்பினேன்.
என்றோ, யாரோ கத்தரி வைத்திருக்கிறார்.
சுற்றி ஓடும் எழுத்துகளின் தலையைச் சீவி,
பேராசைப்படாமல், நிதானமாக,
வாங்குகிறவன் கண்ணில் படாத அளவுக்கு.
அந்தக் கை எனக்குப் புதிதல்ல.
விலை சொல்லும்போது நானும்
விளிம்பில்தான் வெட்டுகிறேன்.

மெய்தான். வார்ப்பு இல்லை,
லண்டன் போலி இல்லை, மரத்தின் வேர் கூடத் தெரிகிறது.
ஆனால் இதென்ன பளபளப்பு?
கல்யாணப் பரிசாக வந்த கரண்டி போல.
மூக்கருகே கொண்டுபோனேன்.
புதினா.

"ஆர்வில்லா தேய்த்தாள்" என்றார்.
"கன்னங்கரேலென்று கிடந்தது.
நாலு பேரிடம் காட்டப் போகிறோம்,
இந்தக் கோலத்திலா கொண்டுபோவது என்றாள்.
பற்பசையும் பழைய பிரஷும். ஒரு மணி நேரம்.
முழங்கை வலிக்கிறது என்று
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
நல்லா இருக்கில்ல?"

முந்நூறு வருடத்து மண்
அவசரமில்லாமல் ஏற்றிய கறுப்பு அது.
காசு வாங்குகிறவன்
அந்தக் கறுப்புக்குத்தான் காசு கொடுக்கிறான்.
பாதி விலை
சமையலறைத் தொட்டி வழியே போய்விட்டது.
அது எங்கே போய்ச் சேரும் என்று
என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

லென்ஸைத் துடைத்தேன்.
துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.
பிறகு விளிம்பைக் காட்டினேன்.
"இங்கே பாருங்கள், வெட்டியிருக்கிறான்.
இல்லாவிட்டால் இரண்டாயிரம் டாலர் தாண்டும்."

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"அயோக்கியன்" என்றார்.
"எந்தக் காலத்து ஆள்?"
"அந்தக் காலத்து ஆள்தான்" என்றேன்.

எண்ணூற்றைம்பது சொன்னேன்.
ஆயிரத்து நூறுக்குப் போகும் என்று தெரிந்தே சொன்னேன்.
கருணையும் கத்தரியும்
ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன,
இந்த வயதில் பிரிக்க வராது.

நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார்.
வெற்று வியாழனை அழுத்தி மூடினார்.
"ஆர்வில்லாவிடம் சொல்கிறேன்,
கெடுத்தது அந்தக் கத்தரிக்காரன்தான் என்று."

அவர் போன பிறகு
சிறு காகித உறையில் எழுதினேன்:
விளிம்பு வெட்டப்பட்டது.
சுத்தம் செய்யப்பட்டது.
அடுத்து வாங்குகிறவருக்கு இவ்வளவும் தெரியட்டும்.

வருடம் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது.
லண்ட்குவிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார்.
எழுதினேன், 1652.