பலகையின் தடிமன்

நான் குடியிருக்கும் இடத்தின் பெயரே ஒரு மரம்.
ஜெலுத்தோங்.
நாற்பத்து மூன்று வயதுவரை
ஓர் ஆணிகூட நேராக அடித்ததில்லை நான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை.
தலைமயிரை நூறாய்க் கிழித்தால் ஒரு கூறு,
அந்த அளவுக் கீறல் சில்லில் இருந்தாலும்
கண்ணாடிக்கடியில் பிடித்துவிடுவேன்.
இரவு வேலை முடிந்து வந்து
துணி காயும் பால்கனியில்
பென்சில் கோட்டைப் பார்த்தபடியே
கோட்டை விடுகிறேன்,
மூன்று மில்லிமீட்டர்.

எட்டுக்கு நாலு ஒட்டுப்பலகை கேட்டேன்.
அலமாரியா என்றார் தவுக்கே ஊய்.
கேம் பெட்டி.
மகனுக்கா?
எனக்கு.
அளவு நாடாவை ஒருமுறை பார்த்தார்,
என்னை ஒருமுறை.
மைவிக்குள் நுழையும்படி
மூன்றாக அறுத்துத் தந்தார்.
அறுப்புக்கூலி வேண்டாம் என்றார்.
இரண்டாம் பலகைக்கு நான் வருவேன் என்று
அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

திரையின் அகலம் அளந்தேன்.
பெட்டியின் அகலம் அளந்தேன்.
இருபுறமும் நிற்கும் பலகைக்கு
ஓர் உடம்பு உண்டு என்பதை மறந்தேன்.
பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு.
உள்ளே போக முடியாமல்
வாசலில் நின்றது திரை.

வாசலில் நிற்பது எனக்குப் பழக்கம்.
பதினொரு வயதில்,
கொம்தாரில் ஒரு மாடியில்,
டோக்கன் குலுங்க உள்ளே போவான்
கஜேந்திரன் அண்ணன்.
"பொம்பளப் பிள்ளைக்கு உள்ள என்ன வேலை?
இந்தா பிடி."
ஒரு தோளில் என் பள்ளிப்பை,
இன்னொன்றில் அவனுடையது.
கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம்
குளிர்காற்று, சிகரெட்,
யாரோ செத்துப் பிழைக்கும் சத்தம்.
மூடிக்கொண்டால் முதுகுகள்.
வரிசையாக, விதவிதமான சட்டைகளில்,
முதுகுகள்.

பொத்தான்களுக்கு ஆறு ஓட்டை.
முதல் ஓட்டையில்
மறுபுறம் வெளியேறிய துரப்பணம்
பலகையின் தோலை உரித்துக்கொண்டு போனது.
பின்னால் ஒரு வீண்துண்டை அண்டக்கொடுத்தால்
உரியாது என்ற புத்தி
ஆறாவது ஓட்டைக்குத்தான் வந்தது.
அந்த ஓர் அழகான ஓட்டைக்கு
எந்தப் பொத்தான் என்று
நாளெல்லாம் யோசித்து
குதிப்பதற்கு வைத்தேன்.

கீழ்வீட்டு மக்சிக் ரொகாயா
துடைப்பக் கட்டையால் இரண்டு நாள்
தன் கூரையை இடித்தார்.
மூன்றாம் நாள் மேலேயே வந்தார், சண்டைக்கு.
மரத்தூளில் வெறுங்காலோடு நின்றவளைப் பார்த்து
முதலில் செருப்பைப் போடு என்று அதட்டினார்.
அதற்குள் மழை.
பலகையை உள்ளே இழுக்க
மறுமுனையைப் பிடித்தது அவர்தான்.
சண்டை பாக்கி இருக்கிறது.

வரைபடம் ஆறடி ஆளுக்குப் போட்டது.
கைப்பலகை என் மார்பில் இடித்தது.
நான் நாலடி பத்து.
முழங்கையை மடித்து வைத்து
அது தொட்ட இடத்தில் கோடு போட்டேன்.
அந்தக் கோட்டில் மட்டும்
ரம்பம் சொன்னபடி கேட்டது.

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து அண்ணன் வந்தான்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
கடையில் வாங்கியதா என்று கேட்கவில்லை;
அவ்வளவு ஒழுங்காக அது இல்லை.
விளையாடக் குனிந்தான்.
இன்னும் குனிந்தான்.
"ரொம்பத் தாழ்வா இருக்கே."
ஆமாம் என்றேன்.

பிறகு, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்,
போனை என் பக்கம் நீட்டினான்.
"இந்தா பிடி."

மேலே வை என்றேன்.

வைத்தான்.
மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் சாய்வு.
உள்ளே ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும்
பெட்டி அதிர்ந்து
ஒரு நெல்லளவு நகர்ந்தது போன்,
விளிம்பை நோக்கி.

குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை.
அன்றைக்கு எனக்கு விடுமுறை.