மஞ்சள் ஸ்டிக்கர்

ஒட்டுவது என் வேலை.
மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து: பாதி விலை.
பெருமாள்புரம் கடையில்
மூன்றாவது ஃப்ரீசர் என் பொறுப்பு.
பட்டாணிக்கும் பரோட்டாவுக்கும் நடுவே
முதலாளி தன் கடைப் பேரையே போட்டு விற்கிற
கடல் பலகாரங்கள்:
இறால் உருண்டை, கணவாய் வளையம்,
மீன் விரல், நண்டுக் கால்.

மீனுக்கு ஏது விரல் என்று
முதல் நாள் கேட்டேன்.
சூப்பர்வைசர் செல்லையா சிரிக்கவில்லை.

ஒன்பது மாதமாக,
கதவைத் திறந்து குளிர் முகத்தில் அடிக்க
நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்.
"நல்லாருக்குமா இது?"
நல்லாருக்கும் மேடம்.
நல்லாருக்கும் சார்.
எனக்கு எப்படித் தெரியும்?
தெரிந்ததெல்லாம் அதன் எடை, அதன் பார்கோடு,
கையுறை கிழிந்த விரலில்
அது சுடுகிற விதம்.

நேற்றோடு தேதி முடிந்தது.
வகைக்கு ஒன்றாய் நான்கு பெட்டி மிச்சம்.
வேலை செய்பவர்களுக்குப் பாதியிலும் பாதி.
இருநூற்றுப் பத்து ரூபாய்க்குக் கடல் வாங்கி
செய்தித்தாளில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
சமாதானபுரம் வருவதற்குள்
சுடிதார் நனைந்துவிட்டது.
பக்கத்தில் இருந்த பெண்
பேசாமல் தள்ளி உட்கார்ந்தாள்.

பெட்டிப் படத்தில்
வெள்ளைத் தட்டு, எலுமிச்சைத் துண்டு,
பின்னால் மங்கலாக ஒரு மெழுகுவர்த்தி.
எங்கள் வீட்டில் எலுமிச்சை இருந்தது.
கரண்டு போனதால்
மெழுகுவர்த்தியும் வந்தது.

"ஓவனில் நூற்றெண்பது டிகிரி"
படித்தாள் ஷெர்லின்.
"ஓவன் எங்க, எதுத்த வீட்டுலயா?"
என்றார் கித்தேரியான்.
கூட்டப்புளிக்காரர், இப்போது லோடு ஆட்டோ.
உறைந்த விரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"செவுளத் தூக்கிப் பாக்கணும்லா,
செவுளு எங்கட்டி?"

சட்டியில் கடலை எண்ணெய்.
பனி எண்ணெயைக் கண்டதும் அலறியது,
மகள் கதவுக்குப் பின்னால் போனாள்.
மீன் விரல் வெளியே கரி, உள்ளே கல்.
கணவாய் வளையம்
சைக்கிளுக்கு வால்டியூப் ஆகும்.
நண்டுக் கால் இனித்தது.

மெழுகுவர்த்தியைச் சாய்த்து
பொடி எழுத்தைப் படித்தாள்:
மீன் கூழ், மாவு, சர்க்கரை, நண்டு வாசனை.
"நண்டு?"
"வாசனைப்பா."
"செரி, நண்டு?"
"போடல."
சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறியது.
"அப்பம் நம்ம ஆட்டோ, லாரி வாசனை."

தயாரித்த இடம் வியட்நாம்.
"நான் மெட்ராஸே பாத்ததில்ல,
இந்தச் சவம் கப்பல்ல வந்துருக்கு."

கடைசியில் இறால் உருண்டை, எட்டு.
இதற்குள் எனக்குப் புத்தி வந்து
தீயைச் சின்னதாக வைத்திருந்தேன்.
கடித்ததும் பேச்சு நின்றது.
முதலில் மொறுமொறுப்பு, பிறகு பூண்டு,
பிறகு
உண்மையாகவே ஒரு இறால்,
முழுசாக, வளைந்து.

எட்டை மூன்றால் வகுத்தோம். மீதி இரண்டு.
அவர் பல்வலி என்றார்.
நான் நெஞ்செரிச்சல் என்றேன்.
இரண்டு பேரையும் நம்பாமல்
இரண்டையும் தின்றாள் ஷெர்லின்.

இன்று புதுச் சரக்கு.
கூடையோடு ஒரு அம்மா கதவைத் திறந்தார்.
"நல்லாருக்குமாம்மா இது?"
செல்லையா பின்னால் நிற்பது
கண்ணாடியில் தெரிந்தது.

"நண்டு வேண்டாம்மா, அதுல நண்டு இல்ல.
கணவாய், பல்லு நல்லாருந்தா எடுங்க.
இறால் கொண்டுபோங்க.
தீயக் கூட்டாதீங்க. ஆறவிடாதீங்க."

மூன்று பெட்டி எடுத்தார்.
ஏதோ சொல்ல வாயெடுத்த செல்லையா
அவர் போகும்வரை பொறுத்து
"இறால்தானே?" என்றார், மெதுவாக.

மத்தியானம் ஆள் குறைந்த நேரம்
ஒரு பெட்டியைப்
பட்டாணிப் பைகளுக்குப் பின்னால்
கை எட்டாத பனிக்குள் தள்ளினேன்.
பிப்ரவரி பதினாறு வரை
அதை யாரும் கண்டுவிடக் கூடாது.
மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று
என் பர்ஸில் இருக்கிறது.
அதுவரை
பசை காயாமல் இருக்க வேண்டும்.